வந்திட்டாள், வந்திட்டாள்

சாரதாதேவியின் உடுப்புக்கடையில் புதன்கிழமைப் பின்னேரங்களில் சேலைத் தட்டுகளுக்குக் கீழே ஒரு பிள்ளை இருக்கும். கடையில் வேலை செய்கிற தயாளினியின் மகள் சுபாங்கி, ஆறு வயது. புதன்கிழமை பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிடும். பரிஸுக்கு வெளியே எபினேயில் இருக்கிற வீட்டில் தனியே விட ஏலாது. தகப்பன் கரிகாலன் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் நிற்கிறவன், வேலை முடியும்வரை போனைத் தொடக்கூட விடமாட்டார்கள். ஆகையால் பிள்ளை தாயோடு பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு வரும். "இதென்ன கடையோ, பாலர் வகுப்போ?" என்று சாரதாதேவி கத்துவா. கத்திவிட்டுத் தானே பிஸ்கற் பெட்டியைத் திறந்து நீட்டுவா. அந்த மனிசிக்கு வாய் மட்டும்தான் பொல்லாதது.

அது 2014 ஒக்டோபர், தீபாவளிக்கு முந்தின கிழமை. கடைக்குள்ளே கால் வைக்க இடமில்லை. ஒருத்தி பச்சை கேட்பாள், விரித்துக் காட்டினால் "இந்தப் பச்சை இல்லை, மற்றப் பச்சை" என்பாள். தயாளினி விரித்தாள், மடித்தாள், பிளவுஸ் துணி வெட்டினாள். சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்தாள். ஒரு மூச்சு விட நேரம் கிடைத்தபோது குனிந்து பார்த்தாள்.

தட்டுக்குக் கீழே பிள்ளை இல்லை.

உடுப்புப் போட்டுப் பார்க்கிற மறைப்புக்குள் பார்த்தாள். பின்னாலே பெட்டி அடுக்கிற அறையில் பார்த்தாள். கழிப்பறைக் கதவைத் தட்டினாள், உள்ளே இருந்த யாரோ ஒரு மனிசி பிரெஞ்சில் ஏசினாள். பிறகு கடை வாசலுக்கு ஓடினாள். தெரு நிறைய ஆக்கள், குடைகள், தள்ளுவண்டிகள். அந்தக் கூட்டத்துக்குள்ளே ஆறு வயதுப் பிள்ளையின் தலை தெரியவே தெரியாது.

"என்னடி, பேய் அறைஞ்சவள் மாதிரி நிக்கிறாய்?" என்று சாரதாதேவி கேட்டா.

"அக்கா, சுபா..."

"சுபாவுக்கு என்ன? வாயைத் திறந்து சொல்லன்!"

தயாளினி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, சொல்லக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் அப்பாலே போக ஏலாது. தயாளினி எருக்கலந்தீவுக்காரி. வரைபடத்தில் தேடி மினக்கெடாதேயுங்கோ, அத்தனை சின்னத் தீவு. "கோயிலும் கோட்டையும் வர முந்தியே நாங்கள் அங்கை இருந்தனாங்கள், கடலுக்கு அடுத்த மூத்தகுடி நாங்கள்தான்" என்று அந்த ஆக்கள் பெருமை அடிப்பார்கள். யாழ்ப்பாணத்து ஆக்கள் அதைக் கேட்டுவிட்டு, "உவை தீவார், உவையின்ரை கதையை விடுங்கோ" என்று சிரிப்பார்கள். சாரதாதேவி நல்லூர்க்காரி. அவவும் அப்படிச் சிரிக்கிறவதான்.

அந்தத் தீவில், கடலுக்குப் போனவன் நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால், "வரேல்லை" என்று எவரும் சொல்லமாட்டார்கள். "காணேல்லை" என்றும் சொல்லமாட்டார்கள். சொன்னால் கடல் கேட்டுக்கொண்டிருக்கும், அப்படியே ஆக்கிவிடும். "உன்ரை மனுசன் வந்திட்டாரோ?" என்று கேட்டால், பெண்சாதி "வந்திட்டார், வந்திட்டார்" என்பாள். இரண்டு தரம். அதைக் கேட்டதும் ஊருக்கு விளங்கிவிடும். உலையில் கிடக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சனம் கரைக்கு ஓடும். ஓடிப் போய், ஒருவர் கண்ணுக்கு அடுத்தவர் தெரிகிற தூரத்தில், தீவைச் சுற்றி நிற்கும். உண்மையாய் வந்தவனைப் பற்றி யாரும் சொல்லித் திரிவதில்லை. அவனே வந்து தேத்தண்ணி கேட்பானே! நேவிக்காரன் கரையில் வெளிச்சம் கண்டாலே சுட்ட காலத்திலும் அந்தச் சனம் அப்படித்தான் நின்றது. அப்படி நின்றதால்தான் அந்தத் தீவில் இன்னும் உயிர் மிச்சம்.

ஒரே ஒருத்தி அந்தக் கட்டை மீறினாள். தயாளினியின் தாய். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு நேர்ஸம்மா, "எங்கை உங்கட அவர்?" என்று சும்மா கேட்க, களைப்பில் வாய் தவறி, "எங்கை, இன்னும் வரேல்லை" என்றுவிட்டாள். தகப்பன் வரவே இல்லை. காற்று என்று ஒருவர் சொன்னார், நேவி என்று இன்னொருவர் சொன்னார். தாயை யாரும் ஒரு சொல் ஏசவில்லை. ஆனால் அதன் பிறகு யாரும் அவளிடம் எதையும் கேட்கவும் இல்லை. அவள் சாகும்வரை, யோசனை வந்தால் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு இருப்பாள். தயாளினி அதைப் பார்த்து வளர்ந்தவள். அவளிடம் போய் வாயைத் திறந்து சொல்லு என்றால் எப்படிச் சொல்லுவாள்?

சொல்லாமலே சாரதாதேவிக்கு விளங்கிவிட்டது. "வர்ஷினி! பொலிசுக்கு அடி!" என்று கத்தினா. வர்ஷினி கோயம்புத்தூர்ப் பிள்ளை. இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறாள், புதனும் சனியும் கடையில் நிற்பாள், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. அவள் போனில் எல்லாவற்றையும் ஒழுங்காய்ச் சொன்னாள். ஆறு வயசு, ரோஸ் ஜாக்கெட், ரெட்டைச் சடை. பொலிஸ்காரரும் நல்ல மாதிரி. உடனே ஆள் அனுப்புகிறோம், மெற்றோவுக்கும் அறிவிக்கிறோம், லைனை வைத்துவிடாதேயுங்கோ என்றாராம்.

தயாளினி அதற்குள்ளே தெருவில். பத்திநாதரின் மீன்கடை பக்கத்துக் கட்டடம். அவரும் எருக்கலந்தீவுதான். ஒரு பாரை மீனைத் துண்டுபோட்டுக்கொண்டு நின்றவர் தலையை நிமிர்த்தினார்.

"என்ன பிள்ளை இந்த ஓட்டம்? சின்னவள் எங்கை?"

"வந்திட்டாள் அண்ணை, வந்திட்டாள்."

பத்திநாதர் கத்தியை வைத்தார். கையைக் கழுவவில்லை. பாரைக்குக் காத்து நின்ற மனுசனைத் தோளில் பிடித்து வெளியே தள்ளி, ஷட்டரை இழுத்து விட்டார். "என்ரை மீன்!" என்று அந்த மனுசன் கத்தினான். "நாளைக்கு வா!" என்றார் பத்திநாதர். அடுத்த கடையில் தீவுக்காரி மரியமலர் ஒரு பெண்ணுக்கு நூலால் புருவம் எடுத்துக்கொண்டிருந்தா. பத்திநாதர் கண்ணாடியில் தட்டி அந்த இரண்டு சொல்லையும் சொன்னார். ஒரு புருவம் முடிந்தபடி, மற்றது காடாய்க் கிடந்தபடி அந்தப் பெண் கதிரையில் இருக்க, மரியமலர் நூலை வாயிலே கடித்தபடி வெளியே வந்தா. போன் கடையிலிருந்து பேனாட் வந்தான், அவனும் தீவுதான். பேனாட் இன்னும் நாலு பேருக்கு அடித்தான். "தயாளினியின்ரை சின்னவள் வந்திட்டாளாம், வந்திட்டாளாம்." அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேருக்கு. சமையல்காரன், பாண் போடுகிறவன், துப்புரவு வேலை முடித்துப் படுத்துக் கிடந்தவள், எல்லாரும் எழும்பி வந்தார்கள். இதைப் பார்த்த மற்றச் சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை வந்ததற்கு ஏன் இவ்வளவு பதகளிப்பு என்று கேட்டார்கள்.

சரியாய் அந்த நேரம் வர்ஷினி போனைக் காதில் வைத்தபடி கடை வாசலுக்கு ஓடி வந்தாள். பொலிஸ்காரர் ஏதோ கேட்டிருக்கிறார். தெருவுக்கு அங்கால் தயாளினியைக் கண்டு கை காட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கா! பாப்பா வந்துட்டாளா?"

தயாளினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடின ஓட்டத்திலேயே சொன்னாள்.

"வந்திட்டாள், வந்திட்டாள்!"

வர்ஷினியின் கண்ணிலே தண்ணீர் வந்துவிட்டது. "அப்பாடா, முருகா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிள்ளை கிடைத்துவிட்டது, தாயோடு இருக்கிறது, மிகவும் நன்றி என்று அழகான பிரெஞ்சில் பொலிசுக்குச் சொன்னாள். அவளில் பிழை பிடிக்க ஏலுமோ? தமிழ் கேட்டாள், தமிழைத்தான் மொழிபெயர்த்தாள்.

"தண்ணிப் பக்கம் முதலிலை" என்றார் பத்திநாதர். அதைச் சொல்லவே தேவையில்லை, எல்லாருடைய காலும் அந்தப் பக்கம்தான் போனது. லாச்சப்பலிலிருந்து மேலே மெற்றோ ஓடுகிற பாலத்தோடு நடந்தால் ஸ்டாலின்கிராட் ஸ்டேஷன். அங்கே கனால் என்கிற வாய்க்கால் அகலமாய் விரிந்து கிடக்கும், வாத்துகள் நீந்தும். சுபாங்கிக்கு வாத்து என்றால் உயிர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் பாண்துண்டு போடுவாள். தயாளினிக்கு ஓட ஓட அந்தப் பாண்துண்டு போடுகிற கைதான் கண்ணுக்குள்ளே நின்றது. கரையிலிருந்து இன்னும் கொஞ்சம் எட்டி, இன்னும் கொஞ்சம் எட்டி.

தீவார் நின்றார்கள். மெற்றோப் படிக்கட்டில் ஒருவர், ரூ பஜோல் தெருமுனையில் ஒருவர், பாலத்துக்குக் கீழே தூணுக்குத் தூண் ஒருவர், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரிகிறபடி கனால் வரைக்கும். மழை தூறியது. யாரும் சத்தம் போடவில்லை. கனால் கரையில் தயாளினி முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினாள். அங்கே உலாத்துகிற பிரெஞ்சுக்காரரிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். "பெத்தி ஃபீய், பெத்தி ஃபீய்" என்றாள், சின்னப் பிள்ளை என்று. அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு பொலிஸ் கார் பாலத்தடியால் வந்தது. தயாளினி கையை விசுக்கினாள். அது நிற்காமல் போய்விட்டது. தேடுகிறவர்கள் ஏன் நிற்காமல் போகிறார்கள்? அவளுக்கு விளங்கவில்லை.

"அங்கை!" என்றா மரியமலர்.

கட்டி நின்ற ஒரு படகின் ஓரத்தில், தண்ணீருக்குள்ளே, ரோஸ் நிறத்தில் ஒன்று. பாதி தாழ்ந்து பாதி மிதந்து.

பேனாட் சப்பாத்தைக் கழற்றவில்லை, அப்படியே குதித்தான். ஒக்டோபர்த் தண்ணீர், ஐஸ் மாதிரி இருந்திருக்கும். இரண்டு கை வீச்சில் போய் அதைப் பிடித்தான். பிடித்து மேலே தூக்கினான். ஒரு பிளாஸ்ரிக் பை, கிழிந்தது. பேனாட் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, "பையக்கா, பை, வெறும் பை!" என்று அழுதான். கரையில் நின்றவர்களும் அழுதார்கள். தயாளினி மட்டும் அழவில்லை. பை இருக்கிற தண்ணீருக்குள்ளே வேறு என்னவெல்லாம் இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான் சாரதாதேவி மூச்சு வாங்க வாங்க வந்தா. கடைச் செருப்போடு, ஒரு கையில் செத்தல் மிளகாயும் உப்பும் பொட்டலம் கட்டி. பின்னாலே வர்ஷினி.

"எங்கை அந்தக் குரங்குக்குட்டி? இவ்வளவு நேரமும் கடைக்குக் கொண்டுவராமல் இஞ்சை என்ன திருவிழாவோ? கொண்டா, முதலிலை நாவூறு கழிப்பம்!"

பேனாட் நனைந்த கோழியாய் நின்று நடுங்கினான்.

"தயா, பிள்ளை எங்கையடி?"

"வந்திட்டாள் அக்கா" என்றாள் தயாளினி. "வந்திட்டாள்."

"வந்திட்டாள் எண்டா எங்கை? ஆரோடை?"

பத்திநாதர் முன்னுக்கு வந்து, சாரதாதேவியின் காதுக்குள்ளே மெல்லச் சொன்னார். தீவின் வழக்கத்தை வேற்று ஊராருக்கு அவர் சொன்னது அதுதான் முதல் தரம். சாரதாதேவியின் கையிலிருந்த உப்புப் பொட்டலம் கீழே விழுந்தது. வர்ஷினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா... நீங்க வந்துட்டான்னு சொன்னீங்களே. நான் போலீஸ்ல பாப்பா கிடைச்சுட்டான்னு சொல்லிட்டேன். அவங்க அப்பவே தேடறதை நிறுத்திட்டாங்க." அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "மெட்ரோவுக்கும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அப்போ இவ்வளவு நேரமும் பொலிஸ் தேடவில்லை. மெற்றோவில் யாரும் பார்க்கவில்லை. நாற்பது தீவார் மட்டும் மழையில் நின்றிருக்கிறார்கள், நகரமோ தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளையைக் காப்பாற்றுகிற சொல் என்று சொன்னதே பிள்ளையின் வழியை அடைத்துவிட்டது.

வர்ஷினி திரும்பவும் போன் எடுத்தாள். அழுது அழுது பேசினாள். அங்கே இருந்தவருக்குக் குழப்பம். முதலில் காணவில்லை என்றீர்கள், பிறகு கிடைத்தது என்றீர்கள், இப்போது திரும்பவும் இல்லை என்கிறீர்கள். தாய் பக்கத்தில் நிற்கிறாவா? தாயே சொல்லட்டும். வர்ஷினி போனைச் சத்தமாய்ப் போட்டு நீட்டினாள்.

"உங்க வாயாலயே சொல்லணுமாம் அக்கா. பொண்ணு உங்ககூட இருக்காளா, இல்லையா? தமிழ்லயே சொல்லுங்க. நான் மாத்திச் சொல்றேன்."

"பிள்ளை, சொல்லாதை" என்றார் பத்திநாதர். அந்த மனுசன் கெஞ்சினார். "தண்ணிக் கரையிலை நிண்டு அதைச் சொல்லாதை. உன்ரை கொம்மாவை யோசி."

"நான் சொல்லுறன், நான் தாய் எண்டு சொல்லுறன்!" என்று மரியமலர் போனைப் பறிக்கப் பார்த்தா. "என்ரை தலையிலை விடியட்டும்."

"உங்கடை தீவுக் கதையைத் தூக்கி இந்தக் கனாலுக்குள்ளை எறியுங்கோ!" சாரதாதேவி கத்தினா. பிறகு அந்த வாய் பொல்லாத மனிசி தயாளினியின் இரண்டு கையையும் பிடித்தா. "தயா, என்ரை ராசாத்தி. சொல்லம்மா. நேரம் போகுது."

போனில் அந்தக் குரல் "மடாம்? மடாம்?" என்றது.

தயாளினி தண்ணீரைப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது, மழைத்துளி விழுந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாய். கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு நன்றாய்த் தெரியும். தாய் சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் பிள்ளை போய்விடும். சொல்லாவிட்டாலும் பிள்ளை போய்விடும். எந்தப் பக்கம் விழுந்தாலும் கிணறுதான். அவளுக்கு வந்த பயத்தை என்னவென்று சொல்ல? போனை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"என்ரை பிள்ளை வரேல்லை" என்றாள். "சுபாங்கி வரேல்லை. காணேல்லை. என்ரை பிள்ளையைக் காணேல்லை!"

கடைசிச் சொல் கனால் முழுக்கக் கேட்டது. வர்ஷினி உடனே பிரெஞ்சில் சொன்னாள். மரியமலர் சிலுவை போட்டுக்கொண்டா. பத்திநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீவார் ஒவ்வொருவராய்த் தலையைக் குனிந்தார்கள், செத்த வீட்டில் நிற்கிறதுபோல. ஆனால் ஒருவர்கூட நின்ற இடத்தை விட்டுப் போகவில்லை. தயாளினி தன் சால்வையின் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். அது தாயின் பழக்கம் என்பதுகூட அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

லைனில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். தட்டெழுத்துச் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் கெதியாய் ஏதோ சொன்னது. வர்ஷினி "எங்கே? எங்கே?" என்று பிரெஞ்சில் இரண்டு மூன்று தரம் கேட்டாள்.

"நாசியோன்!" என்று அலறினாள். "அக்கா, நாசியோன் ஸ்டேஷன்ல ஒரு குழந்தை உக்காந்திருக்காம்! ரோஸ் ஜாக்கெட்டாம்! பேரே சொல்ல மாட்டேங்குதாம்!"

தெரியாத ஆக்களுக்குப் பேர் சொல்லாதே என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்ததும் தயாளினிதான்.

அதுவாய்த்தான் இருக்கும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லப் பயம். இரண்டாம் நம்பர் மெற்றோவில் கடைசி ஸ்டேஷன் வரை தயாளினி நின்றபடியே போனாள். வேறொரு பிள்ளையாய் இருந்தால்? ரோஸ் ஜாக்கெட் பரிஸ் முழுக்கத்தானே விற்கிறார்கள்? ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடுகிற நேரம் அவளுக்கு ஒரு யுகமாய் இருந்தது.

மெற்றோ வேலைக்காரரின் சின்ன அறையில், சுழல்கதிரையில், கால் நிலத்தில் முட்டாமல், சுபாங்கி இருந்தாள். வாயெல்லாம் சொக்லேற், பக்கத்தில் அதைக் கொடுத்த மெற்றோக்கார மனிசி. தயாளினி அவளை இழுத்துக் கட்டிப்பிடித்த பிடியில் கதிரை சரிந்து விழுந்தது. பின்னாலே வாசலில் மீன் மணக்கிற பத்திநாதர், சொட்டச் சொட்ட பேனாட், மரியமலர், சாரதாதேவி, வர்ஷினி, இன்னும் உள்ளே வர இடமில்லாத ஒரு கூட்டம். யாரும் "வந்திட்டாள்" என்று சொல்லவில்லை.

பிள்ளை பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். அம்மாவின் சால்வை மாதிரிச் சால்வை போட்ட ஒரு மாமி கடையிலிருந்து போனா, அம்மாதான் என்று பின்னாலே போனேன், மெற்றோவுக்குள்ளே அவ திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை, அதுக்குள்ளே கதவு மூடிவிட்டது. பிறகு, அதே பிரெஞ்சில், குரல் குறைந்தது.

"இந்த மடாம் எனக்காகப் போன் பண்ணிக் கேட்டவ, அம்மா. ஒரு பிள்ளையும் துலையேல்லை எண்டு சொன்னவையாம். என்னை ஒருத்தரும் தேடேல்லையாம்."

தயாளினி அவளுடைய முகத்தை இரண்டு கைக்குள்ளும் எடுத்தாள்.

"இல்லையடா குஞ்சு. இவையெல்லாரும் தேடினவை. நானும் சொன்னனான். நீ வரேல்லை எண்டு என்ரை வாயாலை சொன்னனான்."

பிறகு, வீட்டில் எவ்வளவு கெஞ்சினாலும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லுகிற பிள்ளை, தமிழில் சொன்னாள்.

"மெய்தானே அம்மா. நான் வரேல்லைத்தானே."

தயாளினியின் கை தன்பாட்டில் எழும்பிப் போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தியது. வெளியே ஒரு மெற்றோ வந்து நின்று திரும்பிப் போனது. பத்திநாதர் "சரி, சரி, போவம் பிள்ளை" என்றார். அவள் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் பிள்ளையின் மூச்சு சூடாய் வந்து வந்து பட்டுக்கொண்டிருந்தது.